பாதைப் பலகைகளில் எது போகிஸ்டாப் ஆகும், எது ஆகாது: முழுமையான வழிகாட்டி

ஒரே கம்பத்தில் இரண்டு பலகைகள். மேலே இருந்தது பச்சை வண்ணம் பூசிய மரப்பலகை. பாதையின் பெயரைச் செதுக்கி, எழுத்துக்குள் மஞ்சள் பூசியிருந்தார்கள். கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரத் துண்டு. அதில் ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். போகிமான் கோ என்ற கைபேசி விளையாட்டில், ஆட்டக்காரர்கள் நடந்து போய்ப் பொருள்கள் சேகரிக்கும் நிஜ இடத்துக்குப் போகிஸ்டாப் என்று பெயர்; புதிய இடங்களை ஆட்டக்காரர்களே பரிந்துரைக்கலாம். நான் முதன்முதலாகப் பரிந்துரைத்தது அந்த அம்புக்குறியை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: படத்தில் அதுதான் பளிச்சென்று விழுந்தது. மேல் பலகை வெயிலில் வெளிறிப் போயிருந்தது, படத்தில் பாதி வெட்டுப்பட்டும் இருந்தது. சில வாரம் கழித்து நிராகரிப்பு வந்து சேர்ந்தது. அதே கம்பத்துக்குத் திரும்பிப் போய், மேல் பலகையை நேருக்கு நேராகப் படம் எடுத்து, பாதையின் பெயரையே தலைப்பாக வைத்து மறுபடி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். கம்பமும் மாறவில்லை, இடமும் மாறவில்லை.

ஒரு பலகை பெயர் சொல்கிறது, இன்னொன்று வழி மட்டும் காட்டுகிறது. பாதையோரத்தில் நீங்கள் பார்க்கும் எந்தப் பலகையையும் முதலில் இந்த இரண்டில் ஒன்றில் போட்டுப் பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் கீழே உள்ள படிகள்.

பின்னணி, சுருக்கமாக

கூகுளுக்குள் ஒரு சிறு குழுவாக இருந்த நியான்டிக் 2012-இல் இன்கிரஸ் என்ற கைபேசி விளையாட்டைக் கொண்டுவந்தது. உண்மையான சிலைகள், சுவரோவியங்கள், நினைவுக் கற்கள் எல்லாம் அந்த விளையாட்டில் 'போர்ட்டல்' ஆயின. அவற்றில் பெரும்பகுதியை ஊர் ஊராக நடந்து படம் எடுத்து அனுப்பியவர்கள் ஆட்டக்காரர்களே. 2016-இல் போகிமான் கோ வந்தபோது, அந்தப் போர்ட்டல்களில் பலவும் போகிஸ்டாப்களாகவும், ஆட்டக்காரர்கள் மோதும் ஜிம்களாகவும் மாறின. 2019-இல் வேஃபேரர் தளம் வந்தது: ஆட்டக்காரர்கள் இடங்களைப் பரிந்துரைப்பார்கள், மற்ற ஆட்டக்காரர்கள் அவற்றை மதிப்பிடுவார்கள். ஏற்கப்பட்ட இடத்துக்கு அங்கே 'வேஸ்பாட்' என்று பெயர். 2020 நவம்பரில் விதிகளை உதறிப் புதிதாக எழுதினார்கள். நீண்ட பட்டியலுக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வந்தன: இது சுற்றிப் பார்க்கத் தூண்டும் இடமா, உடற்பயிற்சிக்கான இடமா, நாலு பேர் கூடும் இடமா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் போதும்.

இப்படிக் கேட்டால் பாதைப் பலகைகளுக்கு ராஜயோகம்தான். நடைபாதை என்றாலே உடற்பயிற்சி, சுற்றிப் பார்த்தல் இரண்டும் உண்டு. ஆனால் ஒரு சிக்கல். பாதை என்பது கோடு. விளையாட்டுக்கு வேண்டியதோ புள்ளி. பத்துக் கிலோமீட்டர் நீளத்தை வரைபடத்தில் ஒரே இடத்தில் குத்த முடியாது. அந்தக் கோட்டை மாட்டிவைக்க ஓர் ஆணி வேண்டும். பலகைதான் அந்த ஆணி. நாம் பரிந்துரைப்பது உண்மையில் பாதையை; பலகை அதற்கு அடையாளம். இந்த எண்ணம் மனதில் இருந்தால், பிறகு வரும் விதிகள் எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானே புரியும்.

படி 1: பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

போனை எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். நான் எனக்கே வைத்துக்கொண்ட சோதனை ஒன்று: இந்தப் பலகையைக் கழற்றி வேறு ஊர்ப் பாதையில் மாட்டினால் பொருந்துமா? பொருந்தும் என்றால் அது பொதுப்பலகை. அம்புக்குறி, 'நடப்பவர்களுக்கு மட்டும்', 'பாம்புகள் உண்டு, கவனம்', 'நாய்களைக் கயிற்றில் கட்டி அழைத்து வரவும்', 'குப்பை போடாதீர்' எல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். அவை தகுதி பெறாது. பாதையின் பெயர் தாங்கிய பலகை அந்தப் பாதையில் மட்டும்தான் பொருந்தும்.

இனி வகை வகையாகப் பார்ப்போம்.

பாதைத் தொடக்கப் பலகை. பெயர், வரைபடம், நீளம், எத்தனை மணி நேரம் ஆகும் என்ற விவரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இதில் யோசிக்க எதுவுமே இல்லை. ஒரு பாதையில் ஒன்றே ஒன்றுதான் பரிந்துரைக்கலாம் என்றால் இதைத்தான் பரிந்துரைக்க வேண்டும்.

தகவல் பலகை. அந்தக் காட்டில் உள்ள பறவைகள், பாறையின் வயது, அங்கிருந்த பழைய சுரங்கம் என்று ஏதாவது சொல்லும் பலகை. பாதையின் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த இடத்தைப் பற்றிய செய்தியே அதன் தகுதி. ஒரு பாதையில் இப்படி எட்டுப் பத்துப் பலகைகள் வேறு வேறு விஷயம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி உண்டு. அருவி, சிகரம், பெரிய மரம் ஆகியவற்றைத் தனியாகப் பரிந்துரைத்தால் இயற்கை அம்சம் என்று தள்ளிவிடுவார்கள். அதன் பக்கத்தில் அதன் பெயரைச் சொல்லும் பலகை நின்றால் அந்தப் பலகையைப் பிடித்துக்கொள்ளலாம்.

பெயரோடு கூடிய கைகாட்டி. சந்திப்புகளில் நிற்கும் கம்பம், ஒவ்வொரு திசைக்கும் ஒரு கை. கையில் 'பொதுப் பாதை' என்று மட்டும் இருந்தால் அது எல்லா வயல் ஓரத்திலும் நிற்கிற சாதாரணப் பலகை. பாதையின் தனிப்பெயர் இருந்தால் தகுதி உண்டு. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் கைகாட்டிகள் போன்றவற்றில் அந்த இடத்தின் பெயரும் கடல்மட்டத்திலிருந்து உயரமும் ஒரு வெள்ளைத் தகட்டில் இருக்கும். கைகளில் போகும் ஊரும் நடக்க ஆகும் நேரமும் இருக்கும். பாதையின் பெயர் என்று தனியாக ஒன்று இல்லாமலும் இருக்கலாம். என் கணக்கில் இவை தேறும், ஏனென்றால் அந்த வெள்ளைத் தகடு வேறெந்தச் சந்திப்பிலும் பொருந்தாது. ஆனால் மதிப்பிடுபவருக்கு அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வண்ணப் பூச்சுகள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை நெடுக மரங்களில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள். பிரான்சின் நெடும்பாதைகளுக்கு வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடு. செக் நாட்டில் இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவே ஒரு வண்ணக் கோடு. நடப்பவர்களுக்கு இவை தெய்வம் மாதிரி. மூடுபனியில் அடுத்த பட்டையைக் கண்டதும் வருகிற நிம்மதி இருக்கிறதே, அது அனுபவித்தவருக்குத்தான் தெரியும். விளையாட்டில் மட்டும் செல்லாது. பெயர் இல்லை, ஆயிரக்கணக்கில் ஒரே அச்சு, பல சமயம் அவை இருப்பதும் உயிருள்ள மரத்தில். இவற்றைப் பரிந்துரைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தூரக் கற்களும் எண் கம்பங்களும். 'கி.மீ. 3' என்று மட்டும் இருந்தால் இல்லை. '3' என்பதோடு பாதையின் பெயரும் இருந்தால் வாதாட இடம் உண்டு. கலைப்படைப்பாகச் செய்த மைல்கற்கள் தனி. பிரிட்டனின் தேசிய சைக்கிள் பாதைகளில் 2000-ஆம் ஆண்டையொட்டி ஆயிரம் வார்ப்பிரும்புக் கம்பங்கள் நட்டார்கள். நான்கு வெவ்வேறு வடிவமைப்புகள். அங்கே எண் முக்கியமில்லை, சிற்பம்தான் முக்கியம். அதைச் சிற்பமாகவே பரிந்துரைக்க வேண்டும்.

சின்னம் மட்டும் உள்ளவை. இங்கேதான் உண்மையான சண்டை. ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதையில் சிப்பிச் சின்னமும் மஞ்சள் அம்பும் பெயரைச் சொல்லாமலே பெயரைச் சொல்லிவிடுகின்றன. கலீசியா பகுதிக்குள் வந்துவிட்டால் சிப்பி பதித்த கல் கம்பங்களில் சாந்தியாகோவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பது மூன்று தசம இலக்கம் வரை இருக்கும். சுவரில் தூரிகையால் இழுத்த மஞ்சள் அம்பை நான் ஏற்கமாட்டேன். சிப்பி பதித்து நட்ட கல் கம்பத்தை ஏற்பேன். இது என் தீர்ப்பு, எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்லமாட்டேன். சின்னம் மட்டும் இருந்தால், அது எந்தப் பாதையின் சின்னம் என்பதற்கு ஆதாரம் கையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

நகரப் பாதைகள். நடைபாதை என்றாலே காடு மலை என்று நினைத்துக்கொள்கிறோம். பாஸ்டன் நகரின் விடுதலைப் பாதை தரையில் சிவப்புச் செங்கல் கோடாக 4 கிலோமீட்டர் ஓடுகிறது, 16 வரலாற்று இடங்களை இணைக்கிறது. இந்த மாதிரி நகரங்களில் தரையில் பதித்த வட்டத் தகடுகளைத் தேடிப் பாருங்கள். காலுக்கடியில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை, அதனாலேயே பரிந்துரைக்காமல் விட்டுப் போனவை நிறைய இருக்கும்.

படி 2: ஆட்டிப் பாருங்கள்

விளையாட்டாகச் சொல்லவில்லை. கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நான்கு திருகாணி, தரையில் சிமென்ட் போட்டு நட்ட கம்பம் என்றால் நிரந்தரம். கம்பியால் மரத்தில் கட்டியது, பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம், ஓட்டப் போட்டிக்காக ஒரு வாரத்துக்கு நட்ட அம்பு, கம்பத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் தற்காலிகம்.

நடுவில் மாட்டிக்கொள்வது வட்டத் தகடு. கம்பத்தில் ஆணி அடித்துப் பொருத்திய சின்ன பிளாஸ்டிக் வில்லை. விளிம்பைச் சுற்றிப் பாதையின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். நிரந்தரமா? ஆம். பெயர் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் முழுக் கம்பத்தையும் தூரத்திலிருந்து படம் எடுத்தால் பெயர் தெரியாது, மதிப்பிடுபவர் 'பொதுக் குறி' என்று தள்ளிவிடுவார். கிட்டப்போய் எடுங்கள், எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

படி 3: நடந்து போய்த் தொட முடியுமா?

பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தால் விட்டுவிடுங்கள்:

தனிவீட்டு வளாகத்துக்குள் அல்லது வீட்டு வேலி மேல் இருப்பது. பாதை ஒரு வீட்டை ஒட்டிப் போகும், பலகையை வீட்டு மதிலில் மாட்டியிருப்பார்கள். பாதை பொதுவாக இருந்தாலும் மதில் தனியார் சொத்து.

பள்ளி வளாகத்துக்குள் இருப்பது. மேல்நிலைப் பள்ளி வரை எல்லாமே இதில் அடங்கும், மழலையர் பள்ளியும்தான்.

சாலையின் நடுத்திட்டில், நடைமேடை இல்லாத வளைவில், கார் ஓட்டிகளுக்காக நட்ட சுற்றுலாப் பாதைப் பலகை. நின்று பார்க்கப் பாதுகாப்பான இடம் வேண்டும்.

தீயணைப்பு நிலைய வாசல், ஆம்புலன்ஸ் திரும்பும் இடம் போல அவசர வேலைக்குக் குறுக்கே நிற்கும் இடங்கள்.

இதில் பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. போவதற்குக் கஷ்டமான இடம் என்பது வேறு, பாதுகாப்பற்ற இடம் என்பது வேறு. நான்கு மணி நேரம் ஏறிப் போக வேண்டிய உச்சியில் நிற்கும் பலகைக்குத் தடையில்லை. அனுமதிச் சீட்டு வாங்கிப் போகும் பூங்காவுக்குள் இருந்தாலும் சரி. 'இங்கே யார் வருவார்' என்று மதிப்பிடுபவர் தள்ளினால் அது அவர் தவறு. அதேபோல் தனியார் தோட்டத்துக்குள் போகும் பொதுவழியும் பிரச்சினை இல்லை. தனிக்குடும்ப வீடு இருக்கிறதா என்பதே கேள்வி.

படி 4: அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது, எது காட்டப்படும்?

ஒரு பலகையை ஏற்பதும் அது விளையாட்டில் தோன்றுவதும் ஒன்றல்ல. இது தெரியாமல் 'ஏற்றுக்கொண்டார்களே, ஏன் வரவில்லை' என்று புலம்புபவர்கள் ஏராளம்.

இன்கிரஸில் இரண்டு போர்ட்டல்களுக்கு இடையே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி வேண்டும். போகிமான் கோ வேறு கணக்கு. உலகத்தை எஸ்2 என்ற முறையில் சதுரம் சதுரமாகப் பிரித்திருக்கிறார்கள். சதுரங்களின் அளவு நிலைக்கு நிலை மாறும்; 17-ஆம் நிலைச் சதுரம் ஒன்றின் பக்கம் சுமார் 70 மீட்டர், இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஒரு சதுரத்துக்கு ஒன்று என்பது ஆட்டக்காரர்கள் பல வருடம் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த கணக்கு. அதனால் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு பலகை கோட்டுக்கு இருபுறமும் விழுந்தால் இரண்டும் வரலாம். அறுபது மீட்டர் தள்ளி இருந்தும் ஒரே சதுரத்தில் விழுந்தால் ஒன்றுதான். இந்தக் கணக்குகளை அந்தந்த விளையாட்டு தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆகவே தகுதியைத் தீர்மானிக்கும்போது இதைக் கலக்காதீர்கள். வரிசையைத் தீர்மானிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

வரிசை என்றேனே, அது இப்படி. ஒரு பாதையில் பன்னிரண்டு பெயர்ப்பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஒரே மாலையில் அனுப்பாதீர்கள். முதலில் தொடக்கப் பலகை. அடுத்து மறுமுனை. பிறகு பாதை கிளை பிரியும் சந்திப்புகள். அதற்கப்புறம் பெரிய இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே. தொடக்கப் பலகை ஏற்கப்பட்டுவிட்டால் அந்தப் பாதை இருப்பதற்கு அதுவே சாட்சி. அடுத்தவற்றை அனுப்பும்போது மதிப்பிடுபவருக்கு எழுதும் துணைக்குறிப்பில் அதைச் சுட்டிக்காட்டலாம். ஒரே நாளில் பன்னிரண்டு ஒரே மாதிரிப் படங்கள் போனால், பார்ப்பவருக்கு ஒன்று இன்னொன்றின் நகல் என்று தோன்றும். நகல் என்று அடித்தும் விடுவார்.

இரண்டு பக்கமும் எழுதிய பலகை ஒன்றுதான், இரண்டல்ல. முன்பக்கத்தை ஒருவரும் பின்பக்கத்தை இன்னொருவரும் பரிந்துரைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: படம்

என் அனுபவத்தில் நல்ல பலகைகளைக் கெடுப்பது படம்தான். பலகை படத்தின் நடுவில், சட்டத்தில் பாதிக்கு மேல் நிறைந்து, எழுத்து வாசிக்கும்படி இருக்க வேண்டும். காட்டில் நண்பகலில் எடுத்தால் இலை நிழல் பலகை முழுக்கத் திட்டுத் திட்டாக விழும்; பெயரில் பாதி வெளுத்தும் பாதி கறுத்தும் போகும். மேகம் மூடிய நேரம் நல்லது. இல்லையென்றால் உங்கள் உடம்பாலேயே வெயிலை மறைத்து, பலகை முழுவதையும் நிழலில் கொண்டுவந்து எடுங்கள். பளபளக்கும் தகட்டை நேராக எடுத்தால் உங்கள் முகமே அதில் தெரியும். அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும்.

பாசி படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். சுரண்டாதீர்கள், பழைய வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். ஆள், வண்டி எண், உங்கள் கட்டைவிரல், தேதி முத்திரை எதுவும் படத்தில் வேண்டாம். படம் நீங்களே எடுத்ததாக இருக்க வேண்டும். பூங்காவின் தளத்திலிருந்து எடுத்த அழகான படம் கண்டுபிடிக்கப்பட்டால் பலகைக்குத் தகுதி இருந்தும் பரிந்துரை போய்விடும்.

துணைப்படம் என்று இன்னொன்று கேட்பார்கள். நிறையப் பேர் அதே படத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் போடுகிறார்கள். அது வீண். துணைப்படத்தின் வேலை, சுற்றுப்புறத்தைக் காட்டுவது: பலகை, அதன் பின்னால் ஓடும் பாதை, பக்கத்தில் பாலமோ வாயிலோ பெரிய பாறையோ இருந்தால் அதுவும். மதிப்பிடுபவர் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு 'ஆமாம், இந்த வளைவுதான்' என்று சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும்.

படி 6: தலைப்பும் விவரமும்

தலைப்பு, பலகையில் உள்ள பெயர். 'ஆற்றோரப் பாதை' என்று எழுதியிருந்தால் அதுவே. ஒரே பாதையில் இரண்டாவது பலகைக்கு 'ஆற்றோரப் பாதை – பாலத்துச் சந்திப்பு' என்று இடத்தைச் சேர்க்கலாம். '2, 3, 4' என்று எண் போடுவதைவிட இது நல்லது. எண் பலகையிலேயே இருந்தால் மட்டும் எண். 'சூப்பரான நடைபாதை', 'காட்டுப் பலகை' என்றெல்லாம் வைத்தால், மூன்றாம் வரி படிக்காமலே தள்ளுவதற்குக் காரணம் கொடுத்தது மாதிரி. பலகையில் இல்லாத பெயரைத் தலைப்பில் ஏற்றுவது அதைவிட மோசம். அம்புக்குறிப் படத்துக்குப் பாதையின் பெயரைத் தலைப்பாக வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

விவரத்தில் இரண்டு வரி போதும்: பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு நீளம், வழியில் என்ன இருக்கிறது. 'இங்கே ஒரு போகிஸ்டாப் வந்தால் நன்றாக இருக்கும்' என்று எழுதாதீர்கள். அதே வேஸ்பாட் வேறு விளையாட்டிலும் வரலாம். விவரம் பாதையைப் பற்றி மட்டும் பேசட்டும். உங்கள் ஆட்டப் பெயர், எமோஜி, குழுவின் பெயர் எதுவும் கூடாது.

வாதம் செய்ய வேண்டிய இடம் துணைக்குறிப்பு. அது மதிப்பிடுபவருக்கு மட்டும் தெரியும், விளையாட்டில் வராது. அங்கே சொல்ல வேண்டியவை: இது எந்தக் கேள்விக்கு 'ஆம்' (பாதைக்குப் பெரும்பாலும் உடற்பயிற்சி, அல்லது சுற்றிப் பார்த்தல்), பாதை உண்மையில் இருப்பதற்கான ஆதாரம் (நிர்வாகத்தின் வரைபடப் பக்கம் இருந்தால் அதன் இணைப்பு), செயற்கைக்கோள் படத்தில் மரம் மறைப்பதால் தெரியாது என்ற குறிப்பு. கெஞ்சல் வேண்டாம். 'எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை' என்பது அனுதாபம் தரும், தகுதி தராது.

படி 7: வரைபடத்தில் குண்டூசியைச் சரியாகக் குத்துங்கள்

மரத்தடியில் ஜிபிஎஸ் தள்ளாடும். பலகைக்குப் பக்கத்தில் நின்றாலும் போன் உங்களைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காட்டும். ஒரு நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். இல்லையென்றால் செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பாலம், வாயில், பாதைச் சந்திப்பு ஒன்றிலிருந்து காலடி எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். 'பாலத்தின் முனையிலிருந்து இருபத்தைந்து காலடி வைத்தால் பலகை' என்று துணைக்குறிப்பிலும் எழுதலாம்.

கூகுள் மேப்ஸுக்காகத் தெருக்களைப் படம் எடுக்கும் தெருக்காட்சிக் கார் காட்டுக்குள் வராது. அதற்கு மாற்று, அதே இடத்தில் நீங்களே 360 கோணப் படம் எடுத்து கூகுள் மேப்ஸில் ஏற்றுவது. மதிப்பிடுபவர் அதைப் பார்த்துவிட்டால் பிறகு கேள்வியே இல்லை. ஒரு பாதைக்கு ஒன்றிரண்டு ஏற்றி வைத்தால் பின்னால் வரும் எல்லாப் பலகைக்கும் உதவும்.

படி 8: நீங்களே மதிப்பிடும் நாற்காலியில் இருந்தால்

வேஃபேரரில் ஒரு சிறு தேர்வு எழுதித் தேறியவர்கள் மதிப்பிடலாம். முன்பு ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கும் முறை இருந்தது; 2023-இல் கட்டைவிரல் மேலே, கீழே என்று மாற்றினார்கள். பொருத்தமானதா, பாதுகாப்பானதா, துல்லியமா, நிரந்தரமும் தனித்துவமும் உண்டா என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு, அப்புறம்தான் அந்த மூன்று கேள்விகளும் வரும்.

பாதைப் பலகை வந்தால் நான் பார்க்கும் வரிசை வேறு. முதலில் படத்தைப் பெரிதாக்கி எழுத்தைப் படிப்பேன். பெயர் தலைப்போடு ஒத்துப்போகிறதா? அடுத்து திருகாணிகள். கணினியில் அச்சடித்து ஒட்டிய காகிதத்தைப் பலகை என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஓரம் சுருண்டிருக்கும், மழை பட்டதே இல்லாத மாதிரி வெள்ளையாக இருக்கும். காட்டில் நிற்கும் உண்மையான பலகை ஒன்றில் பாசியாவது, பறவை எச்சமாவது, மேல் விளிம்பில் வெளிறலாவது இருக்கும். புத்தம் புதுப் பலகையும் உண்டுதான். ஆனால் அப்போது கம்பத்தடியில் தோண்டிய மண் புதிதாக இருக்கும், துணைப்படத்தில் அதைத் தேடுங்கள்.

அதன் பிறகு இடம். செயற்கைக்கோள் படத்தில் பாதை தெரியாவிட்டால் உடனே கீழே அழுத்தாதீர்கள். அடர்ந்த காடு என்றால் தெரியாதது இயல்பு. வெட்டவெளியில் தெரியாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். முடிவுக்கு வர முடியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்ற விடையும் இருக்கிறது, கூச்சப்படாமல் அதை அழுத்தலாம்.

'இந்தப் பாதையில் ஏற்கெனவே ஐந்து இருக்கிறது, போதும்' என்பது நிராகரிக்கக் காரணம் ஆகாது. ஒவ்வொரு பலகையையும் தனியாகப் பாருங்கள். அதற்காக, ஒரே அம்புக்குறியை ஐம்பது கம்பத்தில் எடுத்து அனுப்புபவருக்கு இரக்கம் காட்டவும் வேண்டாம்.

படி 9: நிராகரித்தால்

காரணத்தைப் படியுங்கள், ஆனால் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'பொதுவான பொருள்' என்று வந்தால் பெரும்பாலும் பெயர் படத்தில் தெரியவில்லை. 'இடம் பொருந்தவில்லை' என்றால் துணைப்படமோ குண்டூசியோ தவறு. 'தற்காலிகம்' என்றால் கம்பத்தின் அடி வெட்டுப்பட்டிருக்கும். திருத்தி மறுபடி அனுப்பலாம். எல்லாம் சரியாக இருந்தும் தள்ளியிருந்தால் மேல்முறையீடு உண்டு. அதில் கோபத்தைக் கொட்டாமல், பெயர் தெரியும் படம் ஒன்று, பாதைக்கான ஆதாரம் ஒன்று என்று இரண்டை மட்டும் வையுங்கள். உண்மையாகவே அது வெறும் அம்பு என்றால் விட்டுவிடுங்கள், மூன்று தடவை அனுப்பினாலும் அம்பு அம்புதான்.

வேறொரு விளையாட்டில் எல்லாம் தலைகீழ்

இதுவரை ஒதுக்கிய பலகைகளைப் பார்த்து அய்யோ என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா குடிமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே கெடுத்துவைத்திருந்த ஏற்பாட்டை நிறுத்தியதும் பிறந்த ஜியோகேஷிங்கில், அதாவது ஒளித்துவைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டில், கதை வேறு. அங்கே பல கட்டப் புதையல் வைப்பவர்கள், பலகையில் உள்ள எண்களைப் படிக்கச் சொல்லி, அவற்றைக் கூட்டிக் கழித்து அடுத்த ஆயத்தொலைவைக் கண்டுபிடிக்க வைப்பார்கள். 'கி.மீ. 3' என்ற மொட்டைக் கல், எண் மட்டும் உள்ள கம்பம், கதவின் மேல் உள்ள தகடு எல்லாம் அங்கே தங்கம். பெயர் தேவையே இல்லை. நிலையான ஓர் எண் இருந்தால் போதும். பெட்டி வைக்கும் இடங்களுக்குத்தான் ஒன்றுக்கொன்று 161 மீட்டர் இடைவெளி கேட்பார்கள், படித்துவிட்டுப் போகும் பலகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பெட்டியைப் பலகைக் கம்பத்தில் ஆணி அடித்து மாட்டக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பலகை போய்விட்டால்

மரப்பலகைக்கு ஆயுள் குறைவு. புயலில் விழும், யாராவது எடுத்துப் போவார்கள், நிர்வாகம் புதிய வடிவமைப்புக்கு மாற்றும். புதிய பலகை அதே இடத்தில், அதே பெயரோடு வந்திருந்தால் நீக்கச் சொல்ல வேண்டியதில்லை. புதுப் படம் ஒன்று சேர்த்தால் போதும். கொஞ்சம் தள்ளி நட்டிருந்தால் இடத்திருத்தம் கேளுங்கள். பெயர்ப்பலகையை எடுத்துவிட்டு வெறும் அம்பை மட்டும் வைத்திருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு நீக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் முதலில் சொன்ன அந்தக் கம்பத்துக்குப் போன மாதம் மறுபடி போனேன். மேல் பலகையைக் கழற்றி மஞ்சள் எழுத்துக்குப் புதுப் பூச்சு போட்டு மாட்டியிருக்கிறார்கள். கீழே இருந்த தகர அம்பைக் காணோம். இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன.